நடுக்குமிழ்

லோஹ்யாவில் நவம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டுவிடுவார்கள்.
கடை மேசையில் ஐமோ ஒரு துணி விரிக்கிறார்.
அதன்மேல் குரோம் பூசிய இரண்டு இணைப்புகள்.
ஒன்று வெறும் நேர்க்குழாய்.
மற்றதன் நடுவில் கறுப்பு ரப்பர்க் குமிழ், அடைக்கவும் திறக்கவும்.
"மூன்றாவது வழி, இணைக்காமலே விடுவது.
அதற்கு நான் காசு வாங்க முடியாது."

ரைலியின் சிலிண்டர்கள் ஒரு ஜோடியே இல்லை.
ஒன்று மஞ்சள். இன்னொன்று
யாரோ கடலை விட்டு ஒதுங்கியபோது விற்ற வெள்ளை.
பட்டை மாட்டி, மையத்துக்கு மையம் அளக்கிறாள்:
இருநூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர்,
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

நேர்க்குழாய் மலிவு. பழுதாக அதில் அதிகம் இல்லை.
ஆனால் மஞ்சளின் கழுத்தில் ஓ-ரிங் பிய்ந்தால்
வெள்ளையும் சேர்ந்து காலியாகும்.

தமிழில் இரண்டு உயிர்கள்
அப்படியே ஒட்டி உட்கார முடியாது.
நடுவே ஒரு ய் வரவேண்டும், அல்லது ஒரு வ்.
உடம்படுமெய் என்று அதற்குப் பெயர்.
ரைலிக்கு அது தெரியாது.
குமிழ் வைத்ததைக் கையிலெடுத்து
கனம் பார்க்கிறாள்.

"அதுவும் கொல்லும்" என்கிறாள் சேயா,
கையுறைகளைப் புரட்டிக்கொண்டே.
கோடையில் யாரோ நடுக்குமிழை அடைத்திருந்தார்கள்.
காற்று நிரப்பியவன் கவனிக்கவில்லை, அவளும்தான்.
சுரங்கத்தின் இருபத்தெட்டாவது மீட்டரில்
அழுத்தமானியில் இருநூறு.
பத்து நிமிடம் கழித்தும் இருநூறு.
எவ்வளவு சிக்கனமாக மூச்சு விடுகிறேன் என்று
பெருமைப்பட்டாளாம்.
மூச்சு போனது வலது சிலிண்டரிலிருந்து.
முள் பார்த்துக்கொண்டிருந்தது இடதை.

யாரும் சிரிக்கவில்லை.

ஐமோ இரண்டையும் பூட்டி ரைலியின் முதுகில் ஏற்றுகிறார்.
பனிச்சறுக்கில் பிசகிய வலது தோள்.
கை பின்னால் போகிறது, காதைத் தாண்டி,
பின்னல் முடிச்சைத் தாண்டி,
நிற்கிறது.
குமிழுக்கு நாலு விரல் பாக்கி.
"உலர் உடைக்குள் இன்னும் இரண்டு குறையும்."
"நான் அடைக்கிறேன்" என்கிறாள் சேயா.
"நீ எனக்கு முன்னால் நீந்துகிறவள்."

பட்டைகளைத் தளர்த்தி
சிலிண்டர்களை மேலே தள்ளுகிறார் ஐமோ.
மீண்டும். இப்போது தலை இடிக்கிறது.
கொஞ்சம் கீழே.
தடித்த கையுறைக்குள் அவள் நடுவிரல்
ரப்பரின் வரிகளைத் தொடுகிறது.
தொட்டால் போதாது, திருப்ப வேண்டும்.
பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புகிறாள்.
அடைப்பு. திறப்பு. அடைப்பு.
கடை மூடும் நேரம் தாண்டி
ஏழு தடவை.

சனிக்கிழமை, நாலு டிகிரித் தண்ணீர்.
இறங்குமுன் சேயா அவள் பின்கழுத்தில் கைவைத்து
குமிழை ஓரத்தில் முட்டும்வரை திருகிப் பார்க்கிறாள்.
"ஆவ்கி?"
"ஆவ்கி." திறந்திருக்கிறது.

வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், பழைய ஏணி,
தண்டவாளத்தில் நின்றுவிட்ட தள்ளுவண்டி.
ரைலி அழுத்தமானியைத் திருப்புகிறாள்.
இருநூற்றுப் பத்து.
நூற்றுத் தொண்ணூற்றைந்து.
முள் இறங்குகிறது.
நல்லது.