சதுர அடைப்புக்குறி

வேப்பேரியில் பல் டாக்டருக்கு மேல்மாடி
என் டி.டி.பி. கடை.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
டிசம்பர் வந்தால் சபை மலர்.

கீழ்ப்பாக்கத்தில் கிரேக்கம் நடத்தும் தேவவரம் சார்
பாப்பிரஸ் பற்றிப் புத்தகம் போடுகிறார்.
படம் ஒன்றைத் திரையில் வைத்தார்:
ரேஷன் அட்டையில் எலி மிச்சம் விட்ட அளவு.
இரண்டு பக்கமும் எழுத்து.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமில்லை,
சாயங்காலம் ஆறு மணி 29சி.
ஆண்டவர் பேரை மட்டும்
இரண்டெழுத்தாய்ச் சுருக்கி, மேலே ஒரு கோடு.
அவசரமா பயபக்தியா,
அவருக்கும் தெரியவில்லை.

"ஓட்டையை ஓட்டையாகவே விடணும்மா."
மென்பொருள் விடவில்லை.
வரியை நிரப்பும் சாக்கில்
விட்ட இடத்தையெல்லாம் இழுத்து மூடியது.
நாலாவது தடவை
ஒரு சதுர அடைப்புக்குறி, உள்ளே புள்ளிகள்,
போன எழுத்து எத்தனையோ அத்தனை.

இன்னொரு தாளில் எழுதினவன் ஒரு வரியைத் தாண்டியிருந்தான்.
ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரி.
மேல் வரியில் எழுந்த கண்
கீழ் வரியில் போய் உட்கார்ந்துவிட்டது.
ஆயிரத்தெண்ணூறு வருஷமாய்
அந்தப் பிழை பிழைத்துக் கிடக்கிறது.
சிரித்துவிட்டேன்.
போன வாரம் ஒரு நினைவு அட்டையில்
'ஆவடி' என்று முடிந்த இரண்டு மகள்களில்
இளையவளை நான் அப்படித்தான் விட்டேன்.
அவளே வந்தாள். அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தவில்லை.

அந்த மணலில் மழை இல்லை.
இங்கே ஐப்பசியில்
பிரிக்காத ஏ4 கட்டே நமத்துப்போகும்.
2015, ஜாபர்கான்பேட்டை, வீட்டுக்குள் அடையாறு.
பரணில் இருந்தும் நனைந்த வேதப்புத்தகத்தை
மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்தோம்.
முதல் தாளில் அப்பா நீல மையில் எழுதின
பிறந்த தேதிகள் கரைந்து ஒரே குளம்.

எட்டு நாள் இருந்தான் என் தம்பி. பிழைக்கவில்லை.
அவன் பேர் வேறெங்கும் எழுதப்படவில்லை.
அம்மாவுக்குக் கடைசிவரை அவன் 'பாப்பா'தான்.
கேட்பதற்கு இப்போது இரண்டு பேரும் இல்லை.

நேற்று ராத்திரி சார் வேலையை முடித்துவிட்டு
அந்தத் தாளை விளக்கில் பிடித்தேன்.
னி தெரிகிறது. யே தெரிகிறது.
தானியேலா, நத்தானியேலா?
கறைமேல் ஸ்கேல் வைத்து அளந்தேன்.
அப்பா எழுத்து ஒரு நாள் குறுகும், ஒரு நாள் அகலும்.
ஒரு புள்ளியா, மூன்றா?

புதுக் கோப்பு திறந்து அடித்தேன்:
[   ]னியே[.]
முதல் குறிக்குள் புள்ளியே வைக்கவில்லை.
உடனே கீழே ஒரு சிவப்புக் கோடு,
பிழை என்று.
அப்படியே சேமித்தேன்.