கெடுதல் விகாரம்

நான்கே எழுத்து இதன் மொழியில்.
ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் படித்த மூன்று விதியும்
இங்கே செல்லும்:
தோன்றல், திரிதல், கெடுதல்.
புணர்ச்சி என்றதும் அன்று பின்வரிசை சிரித்தது.
இங்கே யாரும் சிரிப்பதில்லை,
தேதி போட்டு அட்டவணையில் எழுதுகிறோம்.

எனக்கு வேண்டியது கெடுதல்.
ஆனால் இப்போதே அல்ல,
உடல் முழுக்கவும் அல்ல.

உடல் முழுக்கக் கெடுத்துப் பார்த்தவர்கள் உண்டு.
ஒன்பதரை நாளில் கரு நின்றது,
இதயம் ஒருமுறை மடங்கி
அடுத்த மடிப்பை மறந்துபோய்.
பிறக்காத எலியிடம்
ஈரலைப் பற்றி என்ன கேட்பது?

அதனால் சொல்லை அழிக்கவில்லை,
அடைப்புக்குறி போடுகிறேன்.
மூன்றாம் எக்ஸானுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
ஒவ்வொன்றும் முப்பத்து நான்கு எழுத்து.
இரண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும்;
எதிரெதிர் பார்த்தால் வெட்டாது,
சொல்லைத் தலைகீழாக்கிவிட்டுப் போகும்.
குறியை நடுவதற்கு இன்ட்ரான்.
அதுவும் இந்த ஊர்க் காலிமனை மாதிரிதான்,
பார்த்தால் யாருமில்லை,
கல் நட்டால் ஆறு பேர் வழக்கோடு வருவார்கள்.

யெலஹங்கா, இரவு பதினொன்றரை.
திரையில் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள் வரிசையாக.
ஏழாவதற்குப் பதினோராம் குரோமோசோமில்
ஓர் உறவினர் இருக்கிறாராம்.
அடித்தேன்.
கடைசி கேப் முந்நூற்று நாற்பது கேட்டது.
அங்கேயே படுத்தேன்.

ரிதுபர்ணாவின் கையில் நூற்று எண்பது கருமுட்டை,
ஒரு மின்துடிப்பு.
பிறந்தவை நாற்பத்தொன்று.
இரண்டு குறியும் இருந்தவை இரண்டே இரண்டு.
அதில் ஒன்பதாம் எண் குட்டிக்கு
ஒரு குறி அம்மாவின் ஏட்டில்,
மற்றது அப்பாவின் ஏட்டில்.
ஒரு புத்தகத்தில் திறந்த அடைப்பை
இன்னொரு புத்தகத்தில் மூடியிருக்கிறது.
எதற்கும் ஆகாது.
நல்ல எலி, பாவம், காகிதத்தைக் கிழித்து
அழகாகக் கூடு கட்டும்.

இருபத்தேழை நம்பினோம்.
அதன் பிள்ளைகளின் காதுத் துணுக்கு,
ஜெல்லில் ஒரு பட்டை சற்று மேலே.
அதைப் பார்த்த பிற்பகல் யாரிடமும் சொல்லாமல்
இரண்டு காபி குடித்தேன்.

இப்போது இருபத்தேழின் கொள்ளுப்பேரன்கள்.
ஈரலில் மட்டும் ஒரு கத்தரிக்கோல் உண்டு,
ஆனால் கருவறைக்கு வெளியே,
செல்லின் வராந்தாவில் தொங்குகிறது.
மருந்து வந்தால்தான் உள்ளே போகும்.

சோள எண்ணெயில் அதைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.
எலிக்கூடம் புட்டராஜு
லேபிளை எழுத்துக்கூட்டினார்: ட-மா-க்சி-ஃபென்.
“என் மனைவி தினமும் ராத்திரி விழுங்குகிறாளே, இதுதானே?
கித்வாயில் எழுதிக் கொடுத்தது.”
ஆமாம்.
“அவளுக்கு இது எதை வெட்டும் மேடம்?”

ஒன்றையும் வெட்டாது என்றேன்.
அவர்கள் உடம்பில் இது பூட்டுக்குள் நுழையும், திறக்காது,
வேறு சாவி வராமல் அடைத்துக்கொண்டு நிற்கும்.
அந்தப் பூட்டையே கொஞ்சம் மாற்றி
கத்தரிக்கோலோடு சேர்த்துத் தைத்தது நாங்கள்.
இங்கே மட்டும் திறக்கும்.

தலையாட்டினார்.
நம்பினாரா தெரியவில்லை.
எலியைப் பிடித்துக் கொடுக்கையில்
வழக்கத்தைவிட நேரம் எடுத்தார்,
கட்டைவிரலால் அதன் கழுத்தை ஒருமுறை நீவி.

ஐந்து நாள், ஐந்து ஊசி.
வெட்டுண்ட துண்டு வட்டமாகச் சுருண்டு
கொஞ்ச காலம் மிதக்கும் என்கிறார்கள்.
படிப்பாரில்லாத சொல்.
பழைய இடத்தில் ஒற்றைக் குறி நிற்கும்,
முப்பத்து நான்கு எழுத்து, அடைக்க எதுவுமின்றி.
எலிக்கு எதுவும் தெரியாது.
தெரிகிறதா என்று பார்க்கத்தான்
பதினோரு மாதம்.

கூண்டு அட்டையில் என் பெயர், இசக்கியம்மாள்,
கீழே இன்றைய தேதி.
ஏழு மணிக்கு விளக்கு அணைய வேண்டும்.
புட்டராஜு அணைத்துவிட்டு வேகமாகப் போனார்.
அங்கே மாத்திரை எட்டரைக்கு.