மற்றக் கால்

ஹுவாம்போவில் பெரிய வியாழன்.
தகரக் கூரையில் மழை,
பிரசங்கம் பாதிதான் கேட்டது.
குவளையும் துவாலையும் என் பொறுப்பு.

யார் காலை யார் கழுவுவதென்று
சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.
கடைசிச் சீட்டில்
கட்டும்பெலா, சப்பாலோ.

போரில் ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள்.
ஆற்றோரச் சோளக்காட்டில் யார் எதைப் புதைத்தார் என்று
இந்தச் சபையில் ஒருவரும் கேட்பதில்லை.
இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்,
நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

கட்டும்பெலா முழங்காலிட்டார்.
வலது பாதம், குதிகால்,
விரலிடுக்கில் ஒட்டிய செம்மண்.
கழுவி முடித்துத் துவாலைக்குக் கை நீட்டினார்.

"இன்னொன்று இருக்கிறதே, சகோதரா"
என்று சப்பாலோ இடது பூட்ஸைக் கழற்றினார்.
பழுப்புப் பிளாஸ்டிக்.
நகங்களைக்கூட அச்சில் வார்த்திருந்தார்கள்.

கட்டும்பெலா பார்த்துக்கொண்டே இருந்தார்.
நான் ஊற்றினேன், கொஞ்சம் அதிகமாகவே.
ஒன்றும் உணராத அந்த ஐந்து விரல்களையும்
தண்ணீர் சுட்டுவிடுமோ என்பதுபோல்
ஒவ்வொன்றாகக் கழுவினார்.

"கூசுகிறது" என்றார் சப்பாலோ.

மழை எப்போது விட்டதோ.
துவாலை என் கையிலேயே இருந்தது.
அவர் தன் சட்டை நுனியால்
துடைத்துக்கொண்டிருந்தார்.