பெயரில் பாதி

மாங்குளத்தில் இறங்கும்போது பதினொரு மணி.
கரண்ட் பத்துக்கே போய்விட்டதாம்.
"அம்ப் இல்லாமல் எப்பிடிப் பாப்பியள்?"
றொபின்சன் கையைத் துடைத்தார்,
ரியூப் ஒட்டுகிற கை.
ஒட்டுக்கடைக்குப் பின்னால் வீடு.
பசளைச் சாக்கால் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்ததை
ஜாக்கியைத் தருகிற மாதிரி நீட்டினார்.

தலையில் பெயர் பாதி சுரண்டுப்பட்டிருந்தது.
ஓ, ஆர், பிறகு ஒரு கேயின் கால்.
நான் கேள்விப்பட்ட எந்தக் கம்பனியும்
அந்தக் காலில் நிற்காது.

"உது நல்ல சாமான் தங்கச்சி."
"பேர் தெரியாத சாமான் அண்ணை."

முப்பத்தெட்டு என்று போனில் சொல்லியிருந்தார்.
என் பையில் முப்பத்தி நாலு,
அதில் ஆயிரம் பஸ்ஸுக்கும் சோத்துக்கும்.
எங்கள் இசைக்குழுவில் இவ்வளவு நாளும்
கீபோர்ட்காரனின் இடக்கைதான் பேஸ்.
இடக்கைக்குத் தனியாகச் சம்பளம் கேட்கிறான்.

ஒற்றைக் கண்ணால் கழுத்து வழியே பார்த்தேன்,
வேலிக்குக் கட்டை நடுகிறவன் பார்க்கிற மாதிரி.
இங்கிருந்து வடக்கே போகிற தண்டவாளம்.
நடுவில் மட்டும் மயிரளவு குழி,
இருக்கவேண்டிய குழி.
உதட்டைப் பிதுக்கினேன்.
"கழுத்து..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டேன்.
முடிக்காத வசனத்துக்கு ஆயிரம் ரூபாயாவது பெறுமதி.

பன்னிரண்டாம் கட்டையில் கம்பிக்கடியில்
இரண்டு ரூபாக் குற்றி ஒன்று போனது,
இரண்டு போகவில்லை.
"கம்பியெல்லாம் துரு" என்றேன்.
அதுவும் உண்மைதான்.
சத்தம் கூட்டுகிற குமிழ் ஏதோ ரேடியோவினுடையது.

"அலுமாரியில் கொஞ்சம் சாத்தலாமோ?"
கதவில் அதன் கொம்பை முட்டக்கொடுத்து
காதைப் பலகையில் வைத்து
தடித்த கம்பியைத் தட்டினேன்.
உள்ளே கோப்பைகள் எல்லாம் விழித்துக்கொண்டன.
குசினிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"ஆரப்பா லொறியை வாசல்லை நிப்பாட்டுறது?"

கட்டை கட்டையாக ஏறினேன்.
மெல்லிய கம்பியில் ஏழாவதில் மட்டும்
சுரம் எழும்பி, ஒருக்கால் சுற்றிப் பார்த்துவிட்டு, செத்தது.
எந்தப் பேஸிலும் எங்கோ ஒரு இடம் அப்படிச் சாகும்.
அதை நான் சொல்லவில்லை.
"இங்கை ஒரு சுரம் செத்துப்போச்சு அண்ணை"
என்றுமட்டும் சொன்னேன்.

திருப்பினால் முதுகில் ஒரு ஓட்டை.
பட்டி வைத்து அடைத்து, உரசி, மேலே பெயின்ற்.
வன்னியில் ஓட்டையைக் கண்டால்
ஆரும் கேட்கிறதில்லை. நானும் கேட்கவில்லை.
விரலை வைத்தேன், எடுத்தேன்.

"செல் பீஸ் எண்டு நினைக்காதேங்கோ.
மூத்தவன் வார் கொழுவத் துறப்பணம் பிடிச்சவன்,
பிழைச்சுப்போச்சு. ஒரு நத்தார் லீவுக்கை."
போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தாராம்.
ஓட்டையைத்தான் கனநேரம் படம் எடுத்தாராம்.
கேட்காமலே நாற்பத்தைந்து என்றாராம்.
"சொன்னன், துறப்பணம் எண்டு. போட்டார்."
சிரித்தார்.
"அவனுக்கு இப்ப ருமேனியாவிலை
துறப்பணம் பிடிக்கிறதுதான் வேலை."

முப்பத்தொன்றுக்கு முடிந்தது.
சொலூசன் பட்ட விரலில் தாள்கள் ஒட்டின,
இரண்டுதரம் எண்ணினார்.
கழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லோரும் கும்பிட இறங்கினார்கள்.
இதை விட்டுவிட்டு எப்படி இறங்குவது,
சாக்கைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன்.
கச்சான்காரி யன்னலால் பொட்டலத்தை நீட்டினா.
சின்னப் பொட்டலம், இருநூறு ரூபா.
பேரம் பேசாமல் வாங்கினேன்.

பின்னேரம் கரடிப்போக்கில் அம்ப் கிடைத்தது.
வயரைச் செருகியதும் இரைச்சல்,
குளவிக்கூடு மாதிரி.
கம்பியில் கையை வைத்தால் நிற்கிறது.
எடுத்தால்
திரும்பத் தொடங்குகிறது.