ஒரு குறுக்குக்கட்டை

எஸ்தோனியாவில், வோரு ஊரில்,
டயர் கடைக்குப் பின்னால் என் பட்டறை.
ஜனவரி.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

ஹெல்டுர் பூட்ஸ் பனியை உதறிவிட்டு
கைபேசியை நீட்டினார்.
"மனைவிக்கு அறுபது வயது ஆகிறது, விர்வே.
மரத்தில் செதுக்கித் தர வேண்டும்.
பின்னாலிருக்கும் குப்பையெல்லாம் வேண்டாம்.
எண்ட்லா மட்டும் போதும்."

குப்பை என்று அவர் சொன்னது:
நீலத் தார்ப்பாய் போர்த்திய டிராக்டர்,
கூரை வராத சவுனா,
கயிற்றில் விறைத்து நிற்கும் இரண்டு கால்சட்டை,
சட்டகத்துக்குள் பாதி நுழைந்த நாய்.
மற்றபடி பனி,
வானம் எது தரை எது என்று தெரியாத பனி.

என் இயந்திரத்துக்கு நிறம் தெரியாது.
வெளிச்சம் என்றால் மேடு,
இருட்டு என்றால் பள்ளம்.
அது படித்த படிப்பு அவ்வளவுதான்.
படத்தை அப்படியே கொடுத்தால்
பனி மலையாக எழும்பும்,
கறுப்புக் கோட்டு போட்ட எண்ட்லா
கிணற்றுக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் ஒரு மாப்பிள்ளையை
சூட்டோடு அப்படிப் புதைத்திருக்கிறேன்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அந்தப் பலகையின் பின்பக்கத்தில்
இன்றும் ரொட்டி நறுக்குகிறேன்.

மென்பொருளில் ஒரே சொடுக்கு.
டிராக்டர் போனது, சவுனா போனது, நாய் போனது.
பனியோடு பனியாக
எண்ட்லாவின் நரைமுடியும் போனது.

மொட்டைத் தலையோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரவு பதினொன்று வரை
மவுஸைப் பிடித்து முடி வளர்த்தேன்.
காதோரம் பறந்த இழைகளை
எண்ணூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால்
முடியும் இல்லை, பனியும் இல்லை,
சாம்பல் சதுரங்கள்.
இது அவளுடையது, இது ஊருடையது என்று
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
சிலவற்றில் எனக்கும் சந்தேகம்தான்.
சந்தேகத்தின் பலனை அவளுக்கே கொடுத்தேன்.

கடைசியில் வேலி.
முழங்கையின் கீழே ஓடிய குறுக்குக்கட்டையை
ஓரம் சிந்தாமல் வெட்டி எடுத்தேன்.
சுத்தமான வேலை.
எழுந்து காபி போட்டுத் திரும்பி வந்தால்
எண்ட்லா அந்தரத்தில் சாய்ந்திருக்கிறாள்.
ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே,
இடுப்பு ஒரு பக்கம்.
குடித்துவிட்டு விழப் போகிறவள் மாதிரி.

மறுநாள் ஹெல்டுர் திரையைப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்.
"இவள் இப்படி நிற்க மாட்டாளே."
"இப்படித்தான் நின்றார். வேலியை எடுத்துவிட்டேன்."
வெகுநேரம் பேசவில்லை.
"ஒரு கட்டை மட்டும் திருப்பி வைக்க முடியுமா?"

வைத்தேன்.
அதில் ஒரு ஆணித் துளையும் இருந்தது,
அதையும் வைத்தேன்.

லிண்டன் பலகை, பதினெட்டு மில்லி.
முரட்டு ஓட்டம் நாற்பது நிமிடம்.
பிறகு மூன்று மில்லி உருண்டை முனை,
முடியோடு முடியாக ஆறு மணிநேரம்.
கட்டைக்காக இன்னும் இருபத்தைந்து நிமிடம்,
அதற்கு நான் காசு வாங்கவில்லை.
தூள் உறிஞ்சியின் இரைச்சலுக்கு நடுவே
முதலில் எழுந்து வந்தது
வெயில் பட்ட மூக்கு நுனி.

சனிக்கிழமை எண்ட்லாவே வந்தார்.
பிறந்தநாள் ரகசியம் எப்போதோ உடைந்திருந்தது.
பலகையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து,
விரலால் மூக்கைத் தடவினார்.
"மூக்கும் முழியுமாகத்தான் இருக்கிறேன்.
மூக்குதான் கொஞ்சம் அதிகம்."
பிறகு குனிந்து கட்டையைப் பார்த்தார்.
"இது எங்கள் வேலி இல்லை.
பக்கத்து வீட்டு ராய்வோவுடையது.
எல்லைத் தகராறு,
ஒன்பது வருஷமாக ஹெல்டுர் அவனிடம் பேசுவதில்லை."

வாசலில் ஹெல்டுர் வேனின் கண்ணாடியில்
இல்லாத உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அழித்துத் தரட்டுமா?
ரம்பம் வைத்தால் இரண்டு நிமிடம்" என்றேன்.

பதில் சொல்லாமல் பணத்தை எண்ணினார் எண்ட்லா,
என் மேஜை மீது முழங்கையை ஊன்றி,
ஒரு தோள் மேலே,
ஒரு தோள் கீழே.