நாற்பது நொடிப் பேராலயம்

நேற்றோடு சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
முப்பத்தொரு வருடம்.
கேக்கில் என் பெயரைச் சர்க்கரையால் எழுதியிருந்தார்கள்,
ஹில்க்கா,
ஓர் எழுத்து விட்டுப்போய்.

இன்று ஹெல்சிங்கியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன்.
துறைமுகத் தகவல் மேசையில்
இலவச வரைபடம் ஒன்று கேட்டேன்.
"முதல் தடவையா?" என்றாள் அந்தப் பெண்.
ஆமாம் என்றேன்.
பொய் இல்லை.

எனக்குத் தெரிந்த ஊர்
இடது கண்ணாடியில் பாதி, வலது கண்ணாடியில் பாதி.
ரயில் நிலையம் என்றால் மூன்று முறை மணி,
பெட்டியை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுபவர்கள்.
அதன் வாசலில் உருண்டை விளக்கேந்திக்
கல் மனிதர்கள் நால்வர் நிற்பது தெரியும்.
முகம் தெரியாது.
இன்றுதான் நின்று பார்த்தேன்.
இரவுப் பணி முடிந்தும்
மாற்று ஆள் வராதவர்களின் முகம்.
எங்கள் ஆட்கள்தான்.

ஏப்ரல். பனிக்காலத்தில் கொட்டிய சரளையை
நகராட்சி இன்னும் கூட்டி முடிக்கவில்லை.
காலடியில் நறநறவென்று
ஊரையே மென்றுகொண்டு நடந்தேன்.

பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயம்
என் நிறுத்தத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி.
எங்கே எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஆயிரம் தடவையாவது கைகாட்டியிருப்பேன்.
உள்ளே போனதில்லை.
சுவரில் துளைபோட்ட தடம் அப்படியே இருக்கிறது,
செதுக்கி மறைக்கவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
செம்புப் பட்டையைச் சுருள் சுருளாய்ச் சுற்றிய கூரைக்குக் கீழே
எவனோ பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறான்,
ஒரே கட்டையை, திரும்பத் திரும்ப.
பெஞ்சில் சாய்ந்தேன்.
வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.
தேவாலயம் நின்றது.

பொன்குமிழ் வைத்த செங்கல் ஆலயத்தை
நாளைக்கு ஒத்திப்போட்டேன். மேடு. முழங்கால்.
சந்தையில் அரிசி வைத்த கம்பு அப்பம்,
பாதி எனக்கு, பாதி கடற்காகத்துக்கு.
அது என்னைக் கேட்கவில்லை.

கடைசியாக வெள்ளைப் பேராலயம்.
எனக்கு அது நாற்பது நொடி:
சதுக்கத்து முனையில் தொடங்கிக்
கடைசித் தூண் கண்ணாடியை விட்டு நழுவும்வரை.
கூரைமேல் துத்தநாகச் சீடர்கள் பன்னிருவர்;
முன்கண்ணாடியின் மேல்விளிம்பு
எப்போதும் அவர்களை வெட்டிவிடும்.
இன்றுதான் தலையோடு பார்க்கிறேன்.
படிகளை எண்ணத் தொடங்கி இருபதில் கைவிட்டேன்.
உச்சியில் உட்கார்ந்து திரும்பினால்

கீழே
பச்சையும் மஞ்சளுமாய்
தீப்பெட்டி அளவில்
என் இரண்டாம் எண் டிராம் போகிறது.
படி நெடுக உட்கார்ந்திருந்த கூட்டம்
சட்டென்று போனைத் தூக்கியது.
ஆலயத்துக்கு அல்ல. ஆலயம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்.
வண்டிக்கு.

அப்போதுதான் உறைத்தது.
ஒசாகாவில் ஒரு வரவேற்பறை,
லிமாவில் ஒரு பழைய ஆல்பம்,
கிராகோவில் யார் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவோ:
அங்கெல்லாம் நான்
கொட்டாவி விட்டுக்கொண்டும்
பனிச்சேற்றைத் திட்டிக்கொண்டும்
கணவனை விட்டு வந்த அந்த வாரம் முழுக்க
அழுதுகொண்டும்
இந்தச் சதுக்கத்தைக் கடந்துகொண்டிருக்கிறேன்.
ஒருவரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.
விளக்கேந்திகளை நான் பார்க்காத மாதிரி.

"ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?"
ஒரே நிறத்தில் தொப்பி போட்ட இருவர்.
திரையில் அவர்கள்; பின்னால் காலிச் சதுக்கம்,
நடுவில் சிலையாய் நிற்கும் மன்னர், தலையில் எச்சம்.
பொறுங்கள் என்றேன்.
அவர்கள் உதட்டில் சிரிப்பு காய்ந்துகொண்டிருந்தது.
அடுத்தது நான்கு பன்னிரண்டுக்கு.
இன்று வெய்க்கோவின் முறை,
எப்போதும் இரண்டு நிமிடம் பிந்துவான்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.

இவ்வளவு உயரத்திலும்
தண்டவாளம் அதிரத் தொடங்கியது
என் காலுக்குத்தான் முதலில் கேட்டது.