கிலோபாஸ்கல்

புதன்கிழமை பராமரிப்பு மின்தடை,
ஒன்பதிலிருந்து ஐந்து வரை.
நாகமலை புதுக்கோட்டையில் ஒரு விசிறி சுற்றவில்லை.
இருக்கிற ஜெனரேட்டரை
இன்குபேட்டருக்குக் கொடுத்துவிட்டு வியர்க்கிறோம்.
உள்ளே முப்பத்தேழு டிகிரி.
வெளியே நாற்பத்தொன்று.

தட்டில் பன்னிரண்டு குழி.
ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நகத்தளவு கூழ்,
கடல்பாசியிலிருந்து எடுத்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தண்ணீர்தான்,
ஆனாலும் சாய்த்தால் வழியாது.
அதற்குள் யாருடையதோ ஈரலின் செல்கள்,
பெரியாஸ்பத்திரியில் அறுத்ததில் மிஞ்சியவை.
சீட்டில் பெயரில்லை.
பெண், 52.

முதல் தடவை கெட்டியாகச் செய்துவிட்டேன்.
இடுக்கியில் எடுக்கச் சுகமாயிருந்தது.
நான்காம் நாள் செல்கள் தட்டையாகி,
கைகால் பரப்பி,
தாம் ஈரல் என்பதையே மறந்துபோயின.
அல்புமின் இல்லை, யூரியா இல்லை.
சாகவுமில்லை. சும்மா கிடந்தன.
கல்லீரல் என்று பேர் வைத்தவர் யாரோ.
கல்லில் வைத்தால்
அது ஒரு வேலையும் செய்யாது.

கால்சியம் குறைத்தேன், மறுபடி குறைத்தேன்.
மூன்று கிலோபாஸ்கலில்
உருண்டு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன.
ஷம்ஷாத் சிரித்தாள்:
"ஜிகர்னா ஈரல்தான்க்கா.
விளக்குத்தூண்ல ஈரலுக்குள்ள கடல்பாசி ஊத்துறான்,
நீங்க கடல்பாசிக்குள்ள ஈரல ஊத்துறீங்க."

இந்த அலகை இதற்கு முன் நான் பார்த்தது
தம்பியின் ஸ்கேன் தாளில்.
விலாவில் தட்டி
ஈரக்குலையை நடுங்க வைத்து
நடுக்கம் ஓடும் வேகத்தில் அளக்கிற இயந்திரம்.
31.4 என்றது.
ஒரு சொட்டு குடித்தவனில்லை முத்துராக்கு.
எந்த ஊசியிலோ சின்ன வயதில் ஏறிய வைரஸ்.
முனிச்சாலையில் டயர் கடை.
தாளை வாங்கி, செல்போனில் கணக்குப் போட்டான்.
"நாலரை பி.எஸ்.ஐ.தான் வருது.
இதுல சைக்கிளே ஓடாதேக்கா,
இதுக்குப் போயா டாக்டர் முகத்தைத் தூக்குனாரு?"

அப்புறம் வாசல் வரை வந்து கேட்டான்,
எனக்கு எப்ப ஊத்துவே?

ஒரு ஈரல் ஒன்றரைக் கிலோ.
என் தட்டு மொத்தமும் சேர்ந்தால்
ஒரு பிடி அரிசிக்குக் காணாது.
தெரியலடா என்றேன்.
சரி, பாத்துப் போ, ரோட்டுல பள்ளம் என்றான்.

இன்று இருபத்து மூன்றாம் நாள்.
டார்ச் வெளிச்சத்தில் மீடியம் மாற்றுகிறேன்.
வடித்ததில் அல்புமின் இருக்கிறது, கொஞ்சம்.
பெண், 52
இல்லாத ரத்தத்துக்குள்
புரதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
பன்னிரண்டில் ஒன்பது குழி உயிரோடு.
தம்பிக்குப் போன் போடலாமென்று எடுத்து,
ஒன்பதை என்னவென்று சொல்வதென்று தெரியாமல்,
கடையை எத்தனை மணிக்கு அடைப்பே என்று
கேட்டுவிட்டு வைத்தேன்.